எழுவாய்

கொழும்பிலிருந்து வந்த அறிவித்தல் மூன்று மொழியில்.
தமிழ் கடைசியில், சின்ன எழுத்தில்:
"வேலைத்தலத்தில் துன்புறுத்தல் தடுக்கப்பட வேண்டும்.
முறைப்பாடுகள் விசாரிக்கப்பட வேண்டும்.
போதிய வெளிச்சம் ஏற்படுத்தப்பட வேண்டும்."
பிரதியெடுத்து நாலு பிரிவிலும் ஒட்டச் சொன்னார்
பெரிய கிளாக்கர்.

பட வேண்டும், பட வேண்டும், பட வேண்டும்.
பட்டது யாரென்று எனக்குத் தெரியும்.
தடுக்க வேண்டியது யார்?
சாதாரண தரத்தில் தமிழுக்கு சி எடுத்தவள்தான் நான்,
ஆனாலும் ஒரு வசனத்தில்
ஆள் ஒளிந்துகொண்டால் தெரியும்.

புஷ்பகாந்தி கந்தோருக்கு வந்தது பெப்ரவரியில்.
அந்தி நிறுவை. கொட்டில் குமிழ் எரிந்துபோய் மூன்று மாதம்.
படங்கைத் தூக்கித் தராசில் கொளுவும்போது
நிறுக்கிறவரின் கை கொழுந்தில் இல்லை.
தட்டிவிட்டாள்.
மறுநாள் அவள் கொழுந்தில் நாலு கிலோ வெட்டு.
"ஈரக் கொழுந்து. தண்ணிக் கழிவு."
அதற்கு மறுநாளும் நாலு.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.

துரை கேட்டார், "சாட்சி இருக்கா?"
வரிசையில் பின்னால் நின்ற ஒன்பது பேரும்
செக்ரோலை நினைத்துக்கொண்டு
இருட்டு, என்றார்கள்.

சாட்சி என் மேசைக்குப் பின்னால் இருந்தது,
இரண்டாம் தட்டில்.
நிறுவைப் புத்தகம். அதை ஒட்டி மழைப் புத்தகம்,
காலை ஏழு மணிக்கு பங்களா முற்றத்து மானியைப் பார்த்து
நானே எழுதுவது.

ஒன்பதாம் திகதி மழை இல்லை. புஷ்பகாந்தி, கழிவு நான்கு.
பத்து, மழை இல்லை. நான்கு.
பதினொன்று, இல்லை. நான்கு.
அவளுக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களுக்கு
ஒரு கிலோ கூடக் கழிவில்லை.
பதினான்கு நாள், மண் வெடித்துக் கிடந்த மலையில்
ஒருத்தியின் கூடைக்கு மட்டும்
மழை பெய்திருக்கிறது.

மாதக் கடைசியில் இரண்டு புத்தகத்திலும்
துரை ஒப்பமிட்டிருக்கிறார்.
நானும் பார்த்தேன்தான்.
கூட்டினேன்.
கூட்டுத்தொகை சரியாக வந்தது.

முறைப்பாடு எழுத்தில் வரட்டும், பார்ப்போம், என்கிறார்கள்.
கொப்புள நோய்க்கு மருந்தடிக்கிறோமே,
எந்த இலை வந்து எழுத்தில் கொடுத்தது?
மேகம் கறுக்கும்போதே
பீப்பாயில் மருந்து கரைக்கத் தெரிந்த தோட்டம் இது.

எல்லாரும் போன பிறகு திரும்ப அடித்தேன்.
"துன்புறுத்தலைத் தோட்ட நிர்வாகம் தடுக்க வேண்டும்.
முறைப்பாட்டை நிர்வாகம் விசாரிக்க வேண்டும்,
முறையிட்டவளின் பேரை வெட்டாமல்.
நிறுவைக் கொட்டிலுக்கு நிர்வாகம் குமிழ் போட வேண்டும்.
தராசடியில் ஓர் ஆளைத் தனியாக நிறுத்தக் கூடாது."
கடைசி வரி கொழும்பு எழுதாதது.
விரல் நடுங்கி, நிர்வாகத்தில் ஒரு கால் விடுபட்டது.
அழித்துப் போட்டேன்.

ரணவீர துரைக்குத் தமிழ் பேச வரும்,
நன்றாக ஏச வரும்,
வாசிக்க வராது.
சிங்களத் தாளைப் பார்த்தார்.
மூன்றுக்கும் கீழே கையெழுத்து.
முத்திரையை நான் குத்தினேன், நேராக.

மேல் பிரிவில் பிரட்டுக்களத்துச் சுவரில் இருக்கிறது.
பனியில் ஒரு மூலை கழன்றுவிட்டது.
புஷ்பகாந்தி விரல் வைத்து வாசித்தாளாம்,
பின்னால் நின்றவர்களுக்கும் கேட்க,
நிர்வாகம் வந்த இடத்திலெல்லாம்
கொஞ்சம் நிறுத்தி.

இன்று காலை மூன்று பேர் கந்தோர் ஜன்னலுக்கு வந்து
"குமிழ் எங்கே?" என்றார்கள்.
பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
நான் குனிந்து மழையை எழுதிக்கொண்டிருந்தேன்.
இரண்டு மில்லிமீற்றர்.
இன்றைக்கு உண்மையாகவே பெய்திருக்கிறது.